44ஆ, 11,264ஆ?

ராயபுரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறோம். கதவு எண், மேற்கு மாதா கோயில் தெரு, ராயபுரம், சென்னை என்று முகவரி சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. அதற்கு அடுத்து வரும் 600013 நேர்மாறு. முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலம். 600 என்று சேர்த்துப் படித்தால் சென்னை. கடைசி 013 ராயபுரம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்ததிலிருந்து ஒரே உறையில் இரண்டு வரிசையும் குடியிருக்கின்றன. தபால்காரர் குழம்புவதில்லை. எந்த இடத்தில் எந்த வரிசை என்பது அவருக்குப் பழக்கம்.

அதே தெருவில் ஒரு வீட்டு வைஃபை அனுப்பும் பாக்கெட்டிலும் இரண்டு வரிசை உண்டு. கணினிக்குப் பழக்கம் கிடையாது, சொல்லிவைத்தால்தான் தெரியும்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதைவிடப் பெரிய எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும்: ஒன்றை 256ஆல் பெருக்கி மற்றதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெருக்க வேண்டியது முன்னால் வருவதையா, பின்னால் வருவதையா? பெரிய மதிப்பு முதலில் வந்தால் பிக் எண்டியன், சிறியது முதலில் வந்தால் லிட்டில் எண்டியன். 1726இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய கலிவர் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போட்டவர்களிடமிருந்து வந்த பெயர்கள் இவை. டேனி கோஹென் 1980 ஏப்ரல் 1ஆம் தேதியிட்ட கட்டுரையில் இவற்றைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். இரண்டில் எதை எடுத்தாலும் கணக்கு சரியாகவே வரும், எல்லோரும் ஒன்றையே பின்பற்றினால். அது நடக்கவில்லை. இணைய நெறிமுறைகள் பிக் எண்டியனை எடுத்துக்கொண்டன. 1997இல் வெளியான வைஃபை தரநிலை 802.11 லிட்டில் எண்டியனை எடுத்தது.

இப்போது ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். முதல் இரண்டு பைட் அது என்ன வகை என்று சொல்லும். மூன்றாவதும் நான்காவதும் 44, 0 என்று இருக்கின்றன. இது வைஃபையின் சொந்தப் பகுதி, சிறியது முதலில். ஆக மதிப்பு 44: ‘பதில் வந்து சேர இன்னும் 44 மைக்ரோவிநாடி ஆகும், அதுவரை மற்றவர்கள் பேச வேண்டாம்’ என்ற அறிவிப்பு. கொஞ்சம் உள்ளே போனால் 8, 0 என்று இன்னொரு ஜோடி. பார்வைக்கு முந்தையதைப் போலவே இருக்கிறது. ஆனால் இது இணையத்தின் பகுதி, பெரியது முதலில். மதிப்பு 8 அல்ல, 2048. ‘உள்ளே இருப்பது ஐபிவி4 பாக்கெட்’ என்று பொருள்.

44, 0 என்ற அந்த ஜோடியை அனுப்பும்போது மாற்றிப் போட்டால் 44 என்பது 11,264 ஆகிவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரே சேனலைப் பகிரும் அத்தனை கருவிகளும் அந்த அறிவிப்பை நம்பி 256 மடங்கு நேரம் வாய்மூடிக் காத்திருக்கும். இணையம் மந்தமாகும்; காரணம் எளிதில் பிடிபடாது.

இதில் ஆபத்தானது, தவறு ஒளிந்துகொள்ளும் இடம். இன்டெல், ஏஎம்டி செயலிகளும் நம் கைப்பேசிகளும் லிட்டில் எண்டியனில் ஓடுகின்றன. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலியும் ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பின் வழி வந்ததால் அதே வகைதான். லேப்டாப்பில் வைஃபை டிரைவர் எழுதுபவர் 44, 0 என்ற ஜோடியை எந்த மாற்றமும் செய்யாமல் படித்தாலும் 44 சரியாகவே கிடைக்கும். சோதனை எல்லாம் தேறிவிடும். அதே நிரலை ஏத்தராஸ் நிறுவனத்தின் பழைய மிப்ஸ் சிப் உள்ள ரூட்டரில் ஏற்றினால் 11,264 வரும், ஏனென்றால் அந்தச் சிப் பிக் எண்டியன். தவறு முதல் நாளிலிருந்தே நிரலில் இருந்தது. லேப்டாப்பின் வரிசையும் வைஃபையின் வரிசையும் தற்செயலாக ஒத்துப்போனதால் வெளியே தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத தவறை ஓட்டாமலே கண்டுபிடிக்க லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரு வழி உண்டு. பாக்கெட்டிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணின் வகையிலும் அதன் வரிசை எழுதப்பட்டிருக்கும்: இது 16 பிட் (அதாவது இரண்டு பைட்) லிட்டில் எண்டியன், அது 16 பிட் பிக் எண்டியன் என்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற கருவி நிரலை வரிவரியாகப் படித்து, வரிசை குறித்த எண்ணை மாற்றாமல் சாதாரண எண்ணோடு யாராவது கலந்திருந்தால் எச்சரிக்கும். இந்தக் குறிப்புகள் இயந்திர மொழிக்குப் போவதில்லை, வேகம் குறையாது. வரிசை ஒத்துப்போகும் செயலியில் மாற்றும் கட்டளையே காணாமல் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கனமும் உண்டு. பாக்கெட்டின் வகையைப் பார்க்க, வந்து விழும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எண்ணைத் திருப்ப வேண்டியதில்லை. ஒப்பிட வேண்டிய மாறிலியைக் கம்பைல் செய்யும்போதே ஒருமுறை திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

செயலியின் வரிசையிலிருந்து லிட்டில் எண்டியனுக்கு மாற்ற ஒரு செயற்கூறு, அங்கிருந்து திரும்பி வர இன்னொன்று என்று கெர்னலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் செய்வது ஒரே வேலை: பைட்டுகளை இடம் மாற்றுவது, அல்லது சும்மா விடுவது. இயந்திரத்துக்கு ஒரு பெயரே போதும். எண் பாக்கெட்டிலிருந்து வருகிறதா, பாக்கெட்டுக்குப் போகிறதா என்பது நாளைக்கு அந்த வரியைப் படிக்கப்போகிறவருக்கும் ஸ்பார்ஸுக்கும் தெரிய வேண்டும். இரண்டாவது பெயர் அவர்களுக்காக.