பாராளுமன்றமும் அதன் நடைமுறையும்

அரசின் பணிகளைச் சட்டம் ஆக்குதல், ஆக்கிய சட்டத்தை நடத்துதல், நீதி வழங்குதல் என மூன்றாக வகுத்துரைப்பது அரசறிவியலார் மரபு. இவற்றுள் முதலாவது பணிக்கு நிலைக்களமாய் அமைவது பாராளுமன்றம். எனினும், அதன் கடமை சட்டம் ஆக்குதலோடு முடிவதில்லை. அரசாங்கத்தைத் தாங்குவதும், வேண்டுமிடத்து வீழ்த்துவதும், பொதுப்பணத்திற்குக் காவல் நிற்பதும், நாட்டின் குறைகளை யாவரும் அறிய எடுத்துரைப்பதும் அதன் கடமைகளேயாம். இவை யாவும் ஈற்றில் வாக்குகளின் தொகையாலேயே தீர்க்கப்படுகின்றன. ஆதலின், பாராளுமன்றம் என்பது பெரும்பான்மையோர் விருப்பத்திற்கு இட்ட மறுபெயரே என்பாரும் உளர். அக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை இலங்கைப் பாராளுமன்றத்தின் அமைப்பையும் நடைமுறையையும் கொண்டு ஆராய்தல் தகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்நாட்டில் வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது 1931ஆம் ஆண்டிலாகும். டொனமூர் யாப்பின்படி அமைந்த அரசாங்க சபை, ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து ஆட்சிப் பொறுப்பில் பங்குகொண்டது. 1947இல் சோல்பரி யாப்பு இதனை மாற்றி, பிரித்தானிய முறையைத் தழுவிய ஈரவைப் பாராளுமன்றத்தைத் தந்தது. கீழவையாகிய பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர் இருந்தனர். அவருள் 95 பேர் மக்களால் தெரியப்பட்டோர், அறுவர் நியமனம் பெற்றோர். மேலவையாகிய செனற் சபையின் உறுப்பினர் 30 பேர். இவருள் பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. மறுபாதியினரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார்.

பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளை ஆறஅமர மீளாய்வு செய்தற்கும், சிறுபான்மையோர்க்கு ஓர் அரணாய் நிற்றற்கும் மேலவை உதவும் எனக் கருதப்பட்டது. ஆயின், கீழவையில் எவர் பெரும்பான்மை பெற்றனரோ அவர் செல்வாக்கே நாளடைவில் மேலவையிலும் படிந்தது. ஒரே ஊற்றிலிருந்து பிறந்த இரு வாய்க்கால்களுள் ஒன்று மற்றொன்றைத் தடுத்தல் அரிது. 1971இல் செனற் சபை ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு தேசிய அரசுப் பேரவை என்னும் ஓரவையை நிறுவியது. 1978ஆம் ஆண்டின் யாப்பு, நிறைவேற்றதிகாரம் உடைய சனாதிபதி பதவியை ஏற்படுத்தி, ஓரவைக்குப் பாராளுமன்றம் என்னும் பழைய பெயரை மீண்டும் வழங்கியது.

உறுப்பினர் தெரிவு

தேர்தல் முறை சபையின் தோற்றத்தை எவ்வளவு மாற்றவல்லது என்பதற்கு 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் சிறந்த சான்று. பெரும்பாலும் தொகுதிக்கு ஒருவர் என்னும் முறையில் நடந்த அத்தேர்தலில், ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே ஆசனங்கள். வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தமையால், தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இத்தகைய ஏற்றத்தாழ்வைக் குறைக்கவல்ல விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை 1978ஆம் ஆண்டின் யாப்பு ஏற்றது. 1988இல் வந்த திருத்தத்தின்படி உறுப்பினர் தொகை 225 ஆயிற்று. இவருள் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரியப்படுவர். எஞ்சிய 29 பேர், கட்சிகள் நாடு முழுவதிலும் பெற்ற வாக்குகளுக்கு ஏற்பத் தேசியப் பட்டியலினூடாக இடம்பெறுவர். மாவட்டத்தில் 5 சதவீத வாக்குகளையேனும் பெறாத கட்சிக்கு அங்கு ஆசனம் இல்லை. முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாக உண்டு. கட்சிக்கு வாக்களிப்போர் அக்கட்சியின் வேட்பாளர் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம்.

சபையின் ஒழுங்கு

புதிய பாராளுமன்றத்தின் முதற் கடமை சபாநாயகரைத் தெரிதலாகும். பெரும்பான்மையோர் வாக்கால் அப்பதவியைப் பெறினும், அதில் அமர்ந்தபின் இரு பக்கத்தார்க்கும் பொதுவானவராய் இருத்தல் அவர் கடன். யார் பேசுவது, எத்தீர்மானம் எடுக்கப்படுவது, எச்சொல் முறைதவறியது என்பன அவர் தீர்ப்புக்கு உரியவை. வாக்குகள் சமமாகும்போது மட்டும் அவர் தம் அறுதி வாக்கை அளிப்பார். சபை முதல்வர் அரசாங்க அலுவல்களை ஒழுங்கு செய்ய, முதற்கோலாசான்மார் தத்தம் கட்சியினரை வாக்கெடுப்புக்குத் திரட்டுவர். சபையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் ஹன்சாட் அறிக்கையில் பதிவாகும். வாக்கில் தோற்றவருடைய நியாயமும் வென்றவருடைய நியாயத்தோடு ஒருங்கே அதில் நிலைபெறும் என்பது சிந்திக்கத்தக்கது.

சட்டம் பிறக்கும் வழி

சட்டமாக வேண்டிய முன்மொழிவு சட்டமூலம் எனப்படும். அது முதலில் வர்த்தமானியில் வெளியிடப்படும். பின்னர்ச் சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும். அவ்வாறு இடம்பெற்றபின் குறித்த காலத்திற்குள், அது யாப்புக்கு முரணானது எனக் கருதும் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரத்திற்குள் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இதன்பின் இரண்டாம் வாசிப்பில் சட்டமூலத்தின் அடிப்படைக் கொள்கை விவாதிக்கப்படும். குழுநிலையில் அதன் வாசகங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்படும். மூன்றாம் வாசிப்போடு அது நிறைவேறும். பொதுவாக, வந்திருந்து வாக்களிப்போருட் பெரும்பான்மை போதுமானது. யாப்பைத் திருத்துதற்கோ மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 150 பேர், ஆதரவளிக்க வேண்டும். அரசின் ஒற்றையாட்சித் தன்மை, மக்கள் இறைமை முதலியனபற்றிய சில உறுப்புரைகளை மாற்றுதற்கு, அதற்கு மேலாக மக்கள் தீர்ப்பும் தேவை.

நிறைவேறிய சட்டமூலத்திற்குச் சபாநாயகர் தம் சான்றுரையை எழுதியதும் அது சட்டமாகும். பின்னர் அச்சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. ஆகவே குடிமகனுக்குரிய வாயில், சட்டம் பிறப்பதன் முன்னர்ச் சில நாள் மட்டுமே திறந்திருக்கிறது. அச்சில நாளும் சுருங்கினால் நேர்வது யாது? 2010இல், சனாதிபதி இருமுறைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என்ற வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தம், அக்காலத்தில் யாப்பில் இருந்த அவசரச் சட்டமூல விதியின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்விதிப்படி நீதிமன்றத்திற்குக் கிடைப்பது 24 மணித்தியாலமே; சனாதிபதி நீட்டினாலும் மூன்று நாளுக்கு மேற்படாது. நாட்டின் தலைமைப் பதவியைப்பற்றிய மாற்றத்தை மக்கள் படித்தறியவும் பொழுதிருக்கவில்லை.

பணமும் நம்பிக்கையும்

அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் பணமே. பொது நிதியின்மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்திற்கு உரியது என யாப்பு விதிக்கிறது. ஆண்டுதோறும் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்க, ஒவ்வோர் அமைச்சின் செலவும் தனித்தனியே விவாதிக்கப்படும். செலவான பணத்தைக் கணக்காய்வாளர் தலைமையதிபதி ஆராய்ந்து பாராளுமன்றத்திற்கே அறிக்கை தருவார். அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு முதலிய குழுக்கள் அதிகாரிகளை அழைத்து வினாவும். ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டாலும், நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினாலும் அமைச்சரவை கலையும்.

இந்த அதிகாரம் ஏட்டளவினதன்று. 1964 திசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், சிம்மாசன உரைமீதான வாக்கெடுப்பில் 74க்கு 73 என ஒரே வாக்கால் தோற்றது. அதனைத் தொடர்ந்து பொதுத்தேர்தல் வந்தது. 2018 நவம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அச்செயல் யாப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் ஒருமுகமாகத் தீர்த்தது. 2022 யூலையில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி துறந்தபின், எஞ்சிய காலத்திற்கு ரணில் விக்கிரமசிங்கவை 134 வாக்குகளால் தெரிந்ததும் பாராளுமன்றமே.

எண்ணிக்கையும் நியாயமும்

முறைகள் இத்துணை இருந்தும் அவை எல்லாத் தீங்கையும் தடுத்துவிட்டன என்றல் உண்மையாகாது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கோ சமயத்தார்க்கோ பிறர்க்கில்லாத இடரை விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என விலக்கியிருந்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1953இல் கோமறைக் கழகமும், இவை 29ஆம் பிரிவை மீறவில்லை எனத் தீர்த்தது. 1947இல் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த இலங்கை இந்தியக் காங்கிரசு, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் ஆசனமும் பெறவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. தமிழும் அரசகரும மொழி என யாப்பில் இடம்பெற 1987ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. 1977இல் தெரியப்பட்ட பாராளுமன்றத்தின் ஆயுள், 1982ஆம் ஆண்டு மக்கள் தீர்ப்பால் தேர்தலின்றி நீட்டப்பட்டது. மறு ஆண்டில் வந்த 6ஆம் திருத்தம் விதித்த சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர். வடக்கின் குரல் சபையில் ஒலியாத அவ்வாண்டுகளில், அது வேறிடங்களில் வேறு வடிவில் எழுந்தமை வரலாறு.

இவற்றால் பெறப்படுவது யாது? எண்ணிக்கை முடிவு செய்யும். அம்முடிவு நியாயமானது என்பதற்கு எண்ணிக்கை சான்றாகாது. நடைமுறை என்பது மாற்றாருக்குப் பேச இடம், மக்களுக்கு அறியப் பொழுது, ஆள்வோர்க்குக் கணக்குக் காட்டும் கட்டாயம் ஆகிய மூன்றையும் தருவது. இம்மூன்றும் உள்ளவரை, இன்று தோற்ற நியாயம் நாளை வெல்லும் வாய்ப்பு உண்டு. இவை அற்ற சபை, எத்துணைப் பெரிய மாளிகையில் கூடினும், கைகளை எண்ணும் இடமேயாகும். 18 வயதில் வாக்குரிமை பெறும் மாணவர், தேர்தல் நாளில் மட்டுமன்றி, வர்த்தமானி வெளிவரும் நாளிலும் ஹன்சாட் அச்சேறும் நாளிலும் குடிமக்களே என்பதை உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு பரவுமளவிற்கே பாராளுமன்றமும் மக்களுடையதாகும்.