சில்லறை வியாபாரமும் தலைமைப் பண்பும்

தலைமைப் பண்பு என்றதும் பெரிய கம்பெனிகளே நினைவுக்கு வருகின்றன. கல்லாவில் உட்காரும் சில்லறை வியாபாரிக்கும் அது தேவை என்பதே அடியேன் கருத்து.

நம் ஹனூர், கொள்ளேகாலம் வட்டத்தோடு 1956 வரை சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. பின்பு மைசூரோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அரசும் எல்லையும் மாறின. கன்னடமும் தமிழும் கலந்து பேசும் கடைத்தெரு மாறவில்லை. ஆகவே வாடிக்கையாளர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அதே பாஷையில் பதில் சொல்வது முதல் பாடம்.

அடுத்தது நாணயம். உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்குக் குற்றங்கள் ஐந்து என்று வகுக்கும். திருட்டைத் தூண்டுதல், திருட்டுச் சரக்கை வாங்குதல், அரசு விதியை மீறுதல், எடை அளவில் வஞ்சித்தல், கலப்படம் என்பன அவை. பின்னைய நான்கும் கடைவீதியிலேயே நடப்பவை என்பது நோக்கத்தக்கது.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுக்கு முத்திரை உண்டு. ஆனால் நிறுக்கும் கைக்கு முத்திரை ஏது? வாரச் சந்தைக்கு வரும் குடியானவரிடம் யாரும் ஏமாற்றத் துணியார். அடுத்த வாரம் வந்து கேட்பார். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தடவை சாமான் வாங்கும் யாத்ரிகரிடம்தான் முதலாளியின் குணம் தெரியும். அவருக்கு ஐம்பது கிராம் குறைந்தால் அவர் அறியமாட்டார். பக்கத்தில் நிற்கும் கடைப்பையன் அறிவான். எடையில் முதலாளி செய்ததை நாளைக்கு அவன் கல்லாவில் செய்வான். அப்போது அவனைக் கண்டிக்க நமக்கு வாய் இருக்காது.

கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பெரியோர்கள், சாவிக்கு முன்னால் இந்தப் பழக்கத்தை ஒப்படைப்பார்களாக.