சிக்கலில் இருந்து ஹூக்ளிக்கு!

"உங்க ஊர் பேரே சிக்கலா?" என்று ஆபீஸில் அவரைக் கேட்காத ஆளில்லை. நாகப்பட்டினம் பக்கம் சிங்காரவேலர் இருக்கிறாரே, அந்தச் சிக்கல் இல்லை ஸார். இது ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல். கருவேலங்காடு, கண்மாய், வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளம். தம்பிக்கு வயசு இருபத்தெட்டு. சென்னையில் எனக்கு அடுத்த டேபிள். பேர் வேண்டாமே!

ஒருநாள் டீக்கடையில், "அண்ணே, டிசம்பர்ல கல்கத்தா போறேன். கூட வர்றீங்களா?" என்றார்.

"காளி கோயிலா?"

"இல்லண்ணே... ஊர்வலம்." கிளாஸை இரண்டு ஆற்று ஆற்றினார். "ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க, பொம்பளைய விரும்புற பொம்பளைங்க, திருநங்கைங்க எல்லாரும் நடந்து போற ஊர்வலம். அதுல நான் முதல் வகை."

வடை எனக்குத் தொண்டையில் நின்றது. விழுங்கிவிட்டு, அறிவாளி மாதிரி கேட்டேன். "அதான் மெட்ராஸ்லயே 2009-லேர்ந்து ஜூன் மாசம் நடக்குதே?"

"நடக்குது. நம்ம ராம்நாட்டுக்காரன் எவனாவது ஓரமா நின்னு சுண்டல் தின்னுக்கிட்டிருப்பான். மறுநாள் காலையில சிக்கல் பஸ் ஸ்டாப்புல நியூஸ் வந்துரும்!"

ஆக, பஸ் ஸ்டாப்புக்குப் பயந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில். ஹவுரா மெயிலில் ஏறினோம்.

கல்கத்தா ஏன் என்றால், அதற்கொரு கதை இருக்கிறது. 1999 ஜூலை 2-ம் தேதி அந்த ஊரில் பதினைந்தே பேர் மஞ்சள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நடந்தார்கள். 'நட்பு நடை' என்று பேர் வைத்தார்கள். இந்தியாவில் மட்டுமல்ல, தெற்காசியாவிலேயே இந்த மாதிரி ஊர்வலம் அதுதான் முதல். பதினைந்து பேர் என்றால் நம்மூரில் ஒரு ஷேர் ஆட்டோ லோடு! ஆனால் அன்றைக்கு 377-வது பிரிவு உயிரோடு இருந்தது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டம். அதை டெல்லி ஹைகோர்ட் தளர்த்தியது 2009-ல்... தேதி? அதே ஜூலை 2! நாலு வருஷத்தில், 2013-ல், சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் அதே சுப்ரீம் கோர்ட், 'வயது வந்தவர்கள் சம்மதத்தோடு நெருங்கிப் பழகுவது குற்றமில்லை' என்றது. கல்யாணத்துக்கு மட்டும் 2023-ல் கையை விரித்துவிட்டது.

ஆகவே போலீஸ் பயம் இல்லை. லாட்ஜ்?

இங்கேதான் வேடிக்கை. ஆணும் பெண்ணுமாகப் போய் ரூம் கேட்டால் கவுன்ட்டர்காரர் தாலியைத் தேடுவார். கல்யாணமாகாத ஜோடி ரூம் எடுப்பதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று 2019-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னபிறகும் தேடுகிறார்! இரண்டு பெண்கள் என்றால், 'கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?' இரண்டு ஆண்களா? ஆதார் கார்டைக் காட்டினால் சாவி. ஒரு கேள்வி கிடையாது.

எங்களுக்கும் அப்படித்தான் சாவியை நீட்டினார் ஒரு பெரியவர். "டபுள் பெட்."

"நோ நோ! டூ காட்! டூ!" என்று நான் போட்ட சத்தத்தில் லாபியே திரும்பிப் பார்த்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்.

மறுநாள் காலையில் ஹூக்ளி ஆற்றில் ஃபெர்ரி பிடித்தோம். கடகரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர். மே மாதம் போனால் வெந்துவிடுவீர்கள். டிசம்பரில் இதமான குளிர், ஆற்றின்மேல் பனிமூட்டம். 1943-ல் திறந்த ஹவுரா பாலம் தலைக்கு மேலே ஆட்களைக் கொட்டிக்கொண்டிருக்க, ஆற்றுக்கு அடியில் 2024-லிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது. சில்லறைக் காசுக்கு இத்தனை காட்சியா என்று வாயைப் பிளந்து நின்றேன்.

"அண்ணே..." என்றார் தம்பி. "நேத்து ரெண்டு கட்டில் கேட்டீங்கள்ல... தப்பில்ல. ஆனா ஊர்ல ஒரே பாயில நாலு பயலுக படுத்துத்தான் வளந்தோம். ஆபீஸ் டூர்ல நீங்களும் நானும் ஒரே கட்டில்ல படுத்திருக்கோம். அப்பல்லாம் நீங்க கத்தல. நான் சொன்னப்புறந்தானே கத்துனீங்க?"

நான் ஆற்றைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்க வசதியாக, நல்ல அகலமான ஆறு.

கரை வந்ததும், "ஸாரிப்பா" என்றேன். "டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். பதினைந்து பேர் எல்லாம் அந்தக்காலம். இப்போது தெரு அடைத்த கூட்டம். வானவில் கொடி, மேளம், புடவை கட்டிய மீசைக்காரர், 'என் மகன், எனக்குப் பெருமை' என்று அட்டை பிடித்த ஒரு அம்மா. அந்த அம்மாவையே தம்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நடந்தார். முகத்தில் அட்டை முகமூடி. சிக்கல் பஸ் ஸ்டாப் கல்கத்தா வரைக்கும் துரத்தியிருக்கிறது பாருங்கள்!

பாதி வழியில் மண் குவளையில் டீ. குடிப்பதற்காக முகமூடியைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து நான்தான் கவனித்தேன். சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ரசகுல்லா டப்பாவோடு சிக்கலுக்குப் போனார். அன்று ராத்திரியே போன்.

"அண்ணே, 'கல்கத்தாவுல என்னப்பா பாத்தே?'ன்னு ஆத்தா கேட்டுச்சு. ஊர்வலம் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"அய்யய்யோ! அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'எந்தச் சாமிக்கு?'ன்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லலண்ணே. ரசகுல்லா சாப்பிட்டுக்கிட்டிருக்கு."