மருந்துக்கு மசியாத கிருமி!

அவர் ஒரு போலீஸ்காரர். வயது 43. பெயர் ஆல்பர்ட் அலெக்சாண்டர்.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகர ஆஸ்பத்திரியில் அவர் படுத்துக் கிடந்தார். முகத்தில் ஏற்பட்ட காயம் புரையோடிவிட்டது. முகம், தலை எங்கும் சீழ்க்கட்டிகள்! ஒரு கண்ணையே டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அப்போது இருந்த 'சல்பா' மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

1941-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி, அவருக்கு ஒரு புது மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். அதன் பெயர் பெனிசிலின்.

மறுநாளே அதிசயம் நிகழ்ந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. முகத்து வீக்கம் வடிந்தது. அவருக்குப் பசி எடுத்தது!

ஆனால், உலகத்திலேயே அந்த மருந்து சொற்ப அளவில்தான் இருந்தது. நோயாளியின் சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூடப் பிரித்து எடுத்து, மீண்டும் அவருக்கே செலுத்தினார்கள். 5 நாளில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கிருமி மறுபடியும் தலைதூக்கியது. மார்ச் 15-ந்தேதி அவர் இறந்து போனார்.

அன்று மருந்து போதவில்லை. இன்று மருந்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும், சில சமயம் அது பலிப்பதில்லை! ஏன்?

திராட்சைக் கொத்து

புண்ணில் சீழ் வைப்பதற்கு முக்கியமான காரணம், 'ஸ்டாபிலோகாக்கஸ்' என்ற கிருமி. மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால், திராட்சைக் கொத்துப் போலத் தெரியும். சுமார் 10 பேரில் 3 பேருடைய மூக்கில் இது சும்மா குடியிருக்கிறது. ஒரு தொந்தரவும் தருவது இல்லை. தோலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். கட்டி வரும்; சிரங்கு வரும்; சதை வீங்கிச் சிவக்கும். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்து வந்தது இந்தக் கிருமியைத்தான். அந்தத் தட்டில் தற்செயலாகப் பூஞ்சைக்காளான் பூத்தது. அதைச் சுற்றி இருந்த கிருமிகள் கரைந்து போயின. அந்தக் காளானில் இருந்து பிறந்ததுதான் பெனிசிலின்.

பிளெமிங் விடுத்த எச்சரிக்கை

1945-ல் பிளெமிங் நோபல் பரிசு பெற்றார். அப்போது பேசுகையில், ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. அவரே பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது அவருடைய மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்குச் சளிக்காய்ச்சல் முற்றுகிறது. இப்போது பெனிசிலின் கொடுத்தும் பயன் இல்லை. அவள் இறந்து போகிறாள்.

கதை கற்பனைதான். ஆனால், எச்சரிக்கை பலித்துவிட்டது! 1948-க்குள், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ட ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் பெனிசிலினுக்கு மசியவில்லை. மருந்தையே உடைத்துப் போடும் ஒரு பொருளை அவை சுரந்தன.

விஞ்ஞானிகள் விடவில்லை. அப்படி உடைக்க முடியாத 'மெதிசிலின்' என்ற மருந்தை 1959-ல் கொண்டுவந்தார்கள். இரண்டே ஆண்டுகள்! 1961-ல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் இருப்பதை பாட்ரிசியா ஜெவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி வெளியிட்டார். அதுதான் இன்று டாக்டர்கள் 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்று அழைக்கும் கிருமி.

முதலில் இது ஆஸ்பத்திரிகளில் மட்டும் திரிந்தது. பிறகு ஊருக்குள்ளும் வந்துவிட்டது. 1997 முதல் 1999 வரை, அமெரிக்காவில் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா ராஜ்யங்களில், நல்ல ஆரோக்கியமாக இருந்த 4 குழந்தைகள் இதற்குப் பலியானார்கள்.

கிருமி எப்படித் தப்புகிறது?

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறக்கும்போதே சற்று மாறிப் பிறக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடும். இந்த ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும். அவை பெருகும். பிறகு அந்த இடம் முழுவதும் அவற்றின் ராஜ்யம்தான்! தேவை இல்லாமல் மருந்து சாப்பிடும் ஒவ்வொரு தடவையும், நாமே அவற்றுக்கு வழி செய்து கொடுக்கிறோம்.

கத்தியே முதல் வைத்தியம்

இதற்கு வைத்தியமே கிடையாதா? உண்டு.

சீழ் கோத்த கட்டி என்றால், டாக்டர் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவார். இது மிகப் பழைய முறை. எந்தக் கிருமியாலும் கத்தியை எதிர்த்து நிற்க முடியாது! 2016-ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. கட்டியைக் கீறிய பின் வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 74 பேர் குணம் அடைந்தார்கள். 'கோட்ரைமாக்சசோல்' என்ற பழைய, விலை மலிவான மருந்தும் சாப்பிட்டவர்களில் சுமார் 80 பேர் குணம் அடைந்தார்கள்.

எந்த மருந்து கேட்கும் என்று அறியவும் வழி உண்டு. சீழில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வளர்ப்பார்கள். அதன்மேல் பல மருந்துகள் தோய்த்த சிறு வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் அகலமாக வெளிவாங்கி இருக்கிறதோ, அந்த மருந்து கேட்கும். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

நோய் முற்றியவர்களுக்கு 'வான்கோமைசின்' என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். போர்னியோ காட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து கிடைத்த மருந்து இது. ஆனால், 2002-ல் இதற்கும் முழுவதும் மசியாத ஸ்டாபிலோகாக்கஸ், அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் ஒரு நோயாளியிடம் காணப்பட்டது. புது மருந்து வரும்; கிருமி அதையும் பழகும். ஓட்டம் நிற்பது இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

கட்டியைப் பிதுக்கக் கூடாது. பிளேடால் கீறவும் கூடாது. கிருமி உள்ளே பரவிவிடும்.

புண்ணைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒருவர் துவட்டிய துண்டை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது; சவரக் கத்தியும் அப்படியே.

சிவப்பு வேகமாகப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பொறுக்க முடியாத வலி இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சின்னப் புண்ணையும் அலட்சியம் செய்யக் கூடாது.

டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையை நாம் விழுங்கக் கூடாது. டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

ஆக்ஸ்போர்டு போலீஸ்காரருக்கு மருந்து கிடைக்கவில்லை. கிடைத்த மருந்தை வீணாக்கினால், நம் பிள்ளைகளும் அதே கட்டிலில் படுக்க நேரிடும்.