புத்தம்புது வண்டிக்குப் புழுதி பூசும் வித்தை!
மேஜை மேலே ஒரு ராணுவ மோட்டார் சைக்கிள்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டில் புல்லட் சத்தம் கேட்காத சாயங்காலம் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் முதல் உள்ளூர் இளைஞர்கள் வரை அந்த வண்டி மேல் அப்படி ஒரு மோகம். டாங்கியைத் துடைத்துத் துடைத்து கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் ராத்திரி தூக்கம் வராது!

இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளைச் சின்ன அளவில் செய்து, பொறுமையாக பெயிண்ட் அடித்து, பிறகு அதே பெயிண்டைத் தாங்களே சுரண்டி, துருவும் சேறும் ஏற்றுகிறவர்கள் இவர்கள்.

"ஏம்ப்பா, நல்லா இருக்கிற வண்டியை ஏன் நாசம் பண்றே?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் ரொம்ப சுலபம். போர்முனைக்குப் போய் வந்த வண்டி பளபளவென்று இருந்தால் அது பொய்!

9-ல் ஒரு பங்கு

இந்தக் கலைக்குப் பேர்போன வண்டி, ஜெர்மன் ராணுவத்தின் பி.எம்.டபிள்யூ. ஆர்.75. இரண்டாம் உலகப் போரில் 1941-ல் களத்துக்கு வந்தது. 16 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 750 சி.சி. வகை, 26 குதிரைசக்தி. சைடு கார் சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும். ரிவர்ஸ் கியரும் உண்டு. மணலில் சிக்கினாலும் சேற்றில் சிக்கினாலும் தானே ஏறி வரட்டும் என்று செய்த ஏற்பாடு.

அசல் வண்டி 2 மீட்டர் 40 செ.மீ. நீளம். 9-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 27 செ.மீ. ஒரு அடிக்கும் குறைவு. இத்தாலியின் எஸ்கி கம்பெனி இந்த அளவில் மாடல் பெட்டி போட்டது. பிறகு இதாலேரி கம்பெனி அதையே மறுபடி வெளியிட்டது.

இவ்வளவு பெரிய மாடலில் தப்பு செய்தால் ஒளிக்க இடமில்லை. சின்ன மாடலில் கண்ணுக்குத் தெரியாத ஸ்போக்ஸ் கம்பியும் கேபிளும் இதில் பளிச்சென்று தெரியும்.

உப்பு செய்கிற வேலை

முதலில் பிரைமர். அதன் மேல் அடிநிறம். 1943 பிப்ரவரி வரை ஜெர்மன் ராணுவ வண்டிகளுக்குக் கரும் சாம்பல் நிறம். அதன் பிறகு மங்கிய மஞ்சள். ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன வண்டிகளில் சாம்பல் நிறத்தின் மேலேயே மணல் நிறம் அடித்தார்கள்.

இங்கேதான் சமையல்கட்டு உப்பு உதவிக்கு வருகிறது! சாம்பல் நிறம் காய்ந்ததும், பெயிண்ட் உரிய வேண்டிய இடங்களில் தண்ணீர் தொட்டு உப்பைத் தூவ வேண்டும். அது காய்ந்து ஒட்டிக்கொண்டதும் மேலே மணல் நிறம் அடிக்க வேண்டும். பிறகு ஈரத் துணியால் உப்பைத் தேய்த்து எடுத்தால், அங்கங்கே சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். பல வருஷம் உழைத்த வண்டி தயார்.

அடுத்து 'வாஷ்'. எண்ணெய் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, போல்ட் ஓரங்களிலும் இணைப்புகளிலும் விட்டால், அழுக்கு தேங்கின மாதிரி நிற்கும். புழுதிப் பொடி கடைசியில். அதற்கும் மேல் வார்னிஷ் அடித்தால் புழுதி பாதி மறைந்துவிடும். அவசரக்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

துரு எங்கே வரும்?

கண்ட இடத்தில் துரு பூசினால் மெக்கானிக் பார்த்துச் சிரிப்பார். எஞ்சின் உடம்பு அலுமினியம். அதில் செந்துரு பிடிக்காது. துரு பிடிப்பது இரும்பு சைலன்சர் குழாயில். இந்த வண்டிக்குச் செயினே கிடையாது. பின் சக்கரத்தை ஓட்டுவது ஷாப்ட். ஆகவே செயின் கிரீஸ் கறை பூசினால் அதுவும் தப்பு.

பூட்ஸ் கால் படும் இடம், கிக்கர், சைடு காரில் ஏறி இறங்கும் விளிம்பு - பெயிண்ட் தேய்வது இங்கே. டாங்கி மூடியைச் சுற்றி பெட்ரோல் வழிந்த கறை. முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு சைடு காரின் முன்பக்கத்தில் விழும். எஞ்சினின் 2 சிலிண்டர்களும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால், சேறு அவற்றையும் விடாது.

இன்னொரு விஷயம். ஜெர்மனியில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். அதனால் சைடு கார் வலது பக்கம். நம் ஊரில் இடது பக்கம். மாற்றிப் பொருத்தினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நம் ஊர் பச்சை

ராணுவ மோட்டார் சைக்கிள் நமக்கும் புதிதல்ல. இந்திய ராணுவம் 1952-ல் 350 சி.சி. புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஆனால் ஆசைப்பட்டு சொந்த புல்லட்டுக்கு ராணுவப் பச்சை அடித்துவிட முடியாது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி அதைத் தடுக்கிறது. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே சொந்தம். 2018-ல் ராயல் என்பீல்டு 'பெகாசஸ்' என்ற பெயரில், போர்க்கால வண்டியின் நினைவாக 1,000 வண்டிகள் விட்டது. வெளிநாட்டில் பச்சையும் கிடைத்தது. இந்தியாவுக்கு வந்த 250-ம் பழுப்பு நிறம்தான்!

மேஜை மேல் நிற்கும் மாடலுக்கு இந்தச் சட்டம் இல்லை. எந்தப் பச்சை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

யார் ஊர் மண்?

சட்டம் கேட்காத கேள்வியை மண் கேட்கும். ஆப்பிரிக்காவில் ஓடிய வண்டிக்குத் திருவண்ணாமலை செம்மண்ணைச் சலித்துப் பூசினால் ஒட்டாது. அந்தப் பாலைவனப் புழுதி வெளிறிய நிறம். மண் நிறம் மாறினால் வண்டி ஓடிய ஊரே மாறிவிடும்.

அந்தப் புழுதி நம்மவர்கள் தின்ற புழுதியும்தான். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்தார்கள். 4-வது இந்திய டிவிஷன், வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையையும் இத்தாலியப் படையையும் எதிர்த்து நின்றது. ஆர்.75 அவர்களுக்கு எதிரி வண்டி!

பழைய வட ஆற்காடு ஜில்லா பட்டாளத்துக்குப் பெயர் பெற்றது. திருவண்ணாமலையும் 1989 வரை அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். ரமணாசிரமத்துக்கு 1935-ல் வந்து, இங்கேயே தங்கி சாதுவாகிவிட்ட சாட்விக்கும் பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்தவர்.

பட்டாளத்துக்காரர் இருக்கும் வீட்டில் இப்படி ஒரு மாடல் நின்றால், பெரியவர் பெயிண்டைப் பார்க்க மாட்டார். "இந்த இடத்துல கால் வெச்சுத்தான் ஏறணும், இங்க ஏன் தேயவே இல்லை?" என்பார். அவர் சொன்ன இடத்தில் பெயிண்டைச் சுரண்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

பளபளப்பு கடையில் கிடைக்கும். தேய்மானத்தைப் பட்டவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க வேண்டிய தாத்தா இன்னும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் பக்கத்தில் போய் உட்காருவது நல்லது.