தூய இன நாய்ப் பதிவு

தூய இன நாய்ப் பதிவு என்பது நாயொன்றின் பெற்றோர், பிறந்த நாள், வளர்ப்பாளர் முதலிய விபரங்களைக் கழக ஏட்டில் பதிந்து வம்சாவளிச் சான்றிதழ் பெறுதல் ஆகும். இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் இப்பணியைச் செய்கிறது. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய தமிழக இனங்களும் இதில் பதியப்படுகின்றன.

அறச் சிக்கல்கள்

பதிவு பெரிதும் வளர்ப்பாளரின் வாக்குமூலத்தையே சார்ந்துள்ளது. உடலில் பொருத்தப்படும் மைக்ரோசிப் நாயை அடையாளம் காட்டும். அதன் தந்தையைக் காட்டாது. மரபணுச் சோதனையே அதனை உறுதிசெய்யும். ஒரு பொய்ப் பதிவு பின்வரும் தலைமுறைகளின் சான்றிதழ்கள் அனைத்தையும் பிழையாக்கிவிடும். மேலும், சான்றிதழ் வம்சாவளிக்கே சான்று, உடல்நலத்திற்கு அன்று. வெண்ணிற இராசபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு.

ஒப்பந்தங்கள்

இனப்பெருக்கம் செய்யாமை, வளர்க்க இயலாவிடில் நாயைத் திருப்பித் தருதல் போன்றவை விற்பனை ஒப்பந்தங்களில் இடம்பெறும் வாக்குறுதிகளாகும். இவை 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திற்கு உட்பட்டவை. நடுவண் அரசின் 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டிகளின் விற்பனையைத் தடைசெய்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் வாக்குத் தவறினால் இழப்பு நாய்க்கே. அதனால் வழக்குத் தொடுக்க இயலாது.