எழுதி வைத்த தருமம்

உயில் வழியாகத் தருமத்துக்குச் சொத்து எழுதுகிறவர், தம் காலத்துக்குப் பின் அது யாருக்கு, எதற்கு, யார் கையால் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தாம் உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்து வைக்கிறார். கொல்லங்கோடு, முதலமடை, கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் இது பெரும்பாலும் நிலத்தைப் பற்றிய முடிவு: கொஞ்சம் நெல்வயல், ஒரு தென்னந்தோப்பு, முதலமடைப் பக்கம் என்றால் மாந்தோப்பு. மூணாறு, மறையூர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிலம் அரிது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் வங்கியில் போட்டு வைத்த சேமிப்பும்தான் அவர்கள் சொத்து. அளவு எதுவானாலும் சட்டம் ஒன்றே. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்பட்ட உயில்கள், எழுதியவரின் நல்ல மனத்தோடு சேர்ந்தே வீணாகியிருக்கின்றன.

பாலக்காட்டுத் தமிழர்களிடையே இந்த வழக்கம் புதிதல்ல. கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலின் வரலாறு லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண்ணிடம் தொடங்குகிறது. காசி சென்று லிங்கம் கொண்டுவந்த அவர், 1425-ஆம் ஆண்டு வாக்கில் 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசர் இட்டிக்கொம்பி அச்சனிடம் ஒப்படைத்துக் கோயில் கட்டச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் பணத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அதைப் பொறுப்பேற்று நடத்தவும் பின்னால் தொடரவும் வல்ல ஓர் ஆளிடம் கொடுத்தார். கல்பாத்தித் தேர் இன்றும் ஓடுவதற்கு அந்த இரண்டாவது முடிவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய பாடம் வள்ளல் பச்சையப்ப முதலியாரின் உயில். 1754-இல் தந்தையை இழந்த குழந்தையாகப் பிறந்து, நாராயண பிள்ளை என்பவரின் ஆதரவில் வளர்ந்து, சென்னையில் துபாஷியாகப் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். நாற்பது வயதில், 1794 மார்ச் மாதம் நோயுற்றிருந்தபோது உயில் எழுதினார். ஆங்கிலேயச் சட்டமுறையில் உயில் எழுதிய முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர் என்று சொல்வார்கள். கோயில் திருப்பணிகளுக்கும் அன்னதானங்களுக்கும் பெரும் தொகை ஒதுக்கியிருந்தார். அதே மாத முடிவில் காலமானார்.

அதன் பிறகு நடந்தது நாற்பத்தேழு ஆண்டுக் கதை. குடும்பத்தார் வழக்காடினார்கள், நிர்வாகம் கை மாறியது, தருமத்துக்கென்று விட்ட பணம் நீதிமன்றப் படிகளிலேயே கிடந்தது. கடைசியில் மதராஸ் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தவர்கள், குறிப்பாக ஜார்ஜ் நார்ட்டன், தலையிட்டதால் அறக்கட்டளைக்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. கோயில் தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிய பின், இத்தனை ஆண்டுகளில் வட்டியோடு பெருகி நின்ற உபரியைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. 1842-இல் பள்ளி தொடங்கியது. 1889-இல் அது கல்லூரியானது. கணித மேதை ராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் படித்த பச்சையப்பன் கல்லூரி இப்படித்தான் பிறந்தது. முடிவு நல்லதாக அமைந்தது உண்மை. ஆனால் அந்த நாற்பத்தேழு ஆண்டுகளில் அந்தப் பணத்தால் பயன் பெற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறை எதுவும் பெறாமலே போய்விட்டது என்பதையும் மறக்கக் கூடாது. உயிலை மரணப் படுக்கைக்கு ஒத்திப்போட வேண்டாம் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

தருமத்துக்கு எழுதுமுன் எழுதுகிறவரின் சொந்த முதுமைக்குக் கணக்குப் போட்டாக வேண்டும். இன்று மாதம் 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு, விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், பன்னிரண்டு ஆண்டில் ஏறக்குறைய 60,000 தேவைப்படும். அறுபதில் ஓய்வு பெற்றவர் எண்பத்தைந்து வரை வாழ்ந்தால், செலவு இரண்டு முறை இரட்டிப்பாகிவிடும். ஆகவே முதலில் கடன்களைத் தீர்ப்பது, பிறகு மருத்துவக் காப்பீடு, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம், அதன் பின் நிரந்தர வருமானம் என்று வரிசை அமைய வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். கே.எஸ்.எஃப்.இ. சிட்டியில் சீட்டு எடுத்து, மீதித் தவணைகளுக்காக நிலத்தை ஈடு வைத்தவர்கள் அந்த ஈட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உயில் நடைமுறைக்கு வரும்போது ஈமச் செலவும் கடனும்தான் முதலில் கழிக்கப்படும், தருமம் அதற்குப் பிறகே. கடனோடு விட்டுப்போன தோப்பு, அறக்கட்டளைக்குப் போய்ச் சேரும்போது பாதியாகியிருக்கும்.

என்ன சொற்களில் எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "மீதிச் சொத்தைத் தருமத்துக்குச் செலவிடவும்" என்று மட்டும் எழுதினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் 1899-இல் ரஞ்சோர்தாஸ் எதிர் பார்வதிபாய் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், 'தரம்' என்று மட்டும் எழுதிய கொடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தருமம் என்பது கிணறு வெட்டுவதாகவும் இருக்கலாம், உறவினருக்கு உதவுவதாகவும் இருக்கலாம். எதை நிறைவேற்றுவது என்று நீதிமன்றத்தால் தீர்மானிக்க முடியாது என்பது அதன் காரணம். அன்று முதல் இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றி வரும் தீர்ப்பு அது.

நல்ல வாசகம் எப்படி இருக்க வேண்டும்? நிலமானால் கிராமம், சர்வே எண், பரப்பு, ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் வேண்டும். பெறுவது நிறுவனமானால் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி. இந்த வட்டாரத்தில் சங்கங்கள் இரு வேறு சட்டங்களின் கீழ்ப் பதிவானவை. பழைய மலபாரில் இருந்த கொல்லங்கோட்டுக்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். கொச்சி அரசில் இருந்த சித்தூர்ப் பக்கத்துக்கும் திருவிதாங்கூரைச் சேர்ந்த இடுக்கிக்கும் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம். ஆகவே ஊர்வழக்குப் பெயரை எழுதாமல் பதிவுச் சான்றிதழைப் பார்த்தே எழுத வேண்டும். எந்தக் காரியத்துக்கு என்று ஒரு வரி, அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் பணம் யாருக்கு என்று இன்னொரு வரி. இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எழுதியிருந்தால், பின்னால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் திட்டம் கேட்டு அலைய வேண்டியிருக்காது.

கொல்லங்கோட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தம் வயலில் பள்ளிக்கூடமோ முதியோர் இல்லமோ கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, நெல்வயலாகப் பதிவான நிலத்தை மனம்போல் கட்டடமாக மாற்ற முடியாது. ஆசை எவ்வளவு நல்லதானாலும் கட்டட அனுமதி கிடைக்காது. வயலை வயலாகவே விட்டு, விளைச்சல் வருமானத்தை மாணவர் உதவித்தொகைக்கு ஒதுக்கினால் நடக்கும். கரைநிலம் கையில் இருந்தால் அதைக் கட்டடத்துக்கு எழுதலாம்.

குறிப்பிட்ட ஒரு பொருளை எழுதுவதிலும் ஆபத்து இருக்கிறது. "முதலமடையில் உள்ள மாந்தோப்பு இன்ன ஆஸ்பத்திரிக்கு" என்று எழுதியவர், பத்தாண்டு கழித்து மகளின் கல்யாணத்துக்காக அதை விற்றுவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் வராது. விற்ற பணம் வங்கியில் இருந்தாலும் உயிலில் சொன்ன பொருள் இல்லை, ஆகவே அந்தக் கொடையும் இல்லை. இதைத் தவிர்க்கப் பலர் மீதிச் சொத்தில் பத்தில் ஒரு பங்கு என்றோ இருபதில் ஒரு பங்கு என்றோ விகிதமாக எழுதுகிறார்கள். சொத்து கூடினாலும் குறைந்தாலும் பிள்ளைகளின் பங்கும் தருமத்தின் பங்கும் ஒரே அளவில் கூடிக் குறையும். குடும்பத்துக்குள் மனக்கசப்பும் குறையும்.

நிரந்தரமாக நடக்க வேண்டிய தருமத்துக்குத் தொகை குறிப்பதில் விலைவாசியை மறப்பது மிகப் பழைய தவறு. பழைய கோயில் கட்டளைகள் பலவற்றில், ஒரு காலத்தில் நூறு பேருக்குச் சோறு போட வைத்த முதலின் வட்டி இன்று ஒரு முழம் பூவுக்குக்கூடப் போதாது. நிலமாக வைத்த கட்டளைகள் மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஐந்து லட்சம் ரூபாயை 6.5 விழுக்காட்டில் போட்டால் ஆண்டுக்கு 32,500 கிடைக்கும். அதை முழுதும் செலவழித்தால் முதல் அப்படியே நிற்கும், ஆனால் அதன் வாங்கும் சக்தி பன்னிரண்டு ஆண்டில் பாதியாகிவிடும். வட்டியில் ஒரு பகுதியை மட்டும் செலவிட்டு மீதியை முதலோடு சேர்க்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதுவது ஒரு வழி. முழுத் தொகையையும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் செலவிட்டு முடிக்கச் சொல்வது இன்னொரு வழி. சிறிய தொகைக்கு இந்த இரண்டாவதே சிறந்தது. படிக்க வேண்டிய பிள்ளைக்கு இன்று கிடைக்கும் உதவி, நூறாண்டு கழித்துக் கிடைக்கும் பூமாலையைவிட மேலானது.

யார் எவ்வளவு எழுதலாம் என்பது சமயத்துக்குச் சமயம் மாறும். இந்து ஒருவர் தாம் சம்பாதித்ததையும் பூர்வீகச் சொத்தில் தம் பங்கையும் விருப்பம்போல் எழுதலாம். கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்த முறை இன்றும் உண்டு. எல்லைக்கு இருபுறமும் நிலம் உள்ளவர்கள் எது தம்முடையது, எது குடும்பத்தினுடையது என்று ஒவ்வொரு நிலத்துக்கும் தனியே விசாரிக்க வேண்டும். முஸ்லிம் ஒருவர், வாரிசுகள் இசைந்தாலொழிய, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு நெடுநாள் ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ளவர் தருமத்துக்கு எழுத வேண்டுமானால், உயில் சாவுக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டு, ஆறு மாதத்துக்குள் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று அறிவித்தது.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்று பலர் உயிலைத் தள்ளிப்போடுகிறார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், பொதுவாக உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 1983-இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுப் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2015-க்குப் பின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியானால் காப்பீட்டில் மட்டும் விதிவிலக்கு உண்டு. வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் உள்ள தொழிலாளி குடும்பத்தாரைத் தவிர வேறு யாரையும் நாமினியாகப் போட முடியாது. ஆகவே தோட்டத் தொழிலாளி தம் ஊர் நூலகத்துக்கோ தேவாலயத்துக்கோ ஏதாவது தர விரும்பினால், மற்றச் சேமிப்பிலிருந்து உயில் வழியாகத்தான் தர வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் செல்லும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும் அல்லது கைரேகை வைக்க வேண்டும். அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், எழுதுபவரைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. சொத்துப் பெறுபவர் சாட்சியாக நிற்கக் கூடாது; கிறிஸ்தவர் உயிலில் அப்படி நின்றால் அவருக்கான கொடையே செல்லாமல் போகும், மற்றவர்கள் உயிலிலும் வீண் சந்தேகம் கிளம்பும். மருத்துவர் ஒருவர் சாட்சியாக இருந்தால் மனநிலை பற்றிய கேள்வி எழாது.

நிறைவேற்றுநராக யாரை வைப்பது என்பது இன்னும் முக்கியம். ஆல்ஃபிரெட் நோபல் 1895-இல் உயில் எழுதினார்; ஆனால் பரிசு வழங்கும் அறக்கட்டளை எதையும் அவர் உயிரோடு இருக்கும்போது நிறுவவில்லை. 1896-இல் அவர் இறந்ததும் உறவினர்கள் எதிர்த்தார்கள். ராக்னர் சோல்மன் என்ற இளம் பொறியாளரை நிறைவேற்றுநராக்கியிருந்ததால், அவர் நாடு நாடாக அலைந்து சொத்தைத் திரட்டி, உறவினர்களோடு உடன்பாடு செய்து, 1901-இல் முதல் பரிசுகள் வழங்கப்பட வழி செய்தார். உறுதியும் ஓய்வும் உடல்நலமும் உள்ள ஒருவர், அவர் இயலாமல் போனால் இன்னொருவர் என்று இரண்டு பெயர் எழுதுவது அவசியம்.

சாகும்வரை காத்திராமல் வாழும்போதே கொடுப்பதும் உண்டு. அப்போது பணம் போகும் வழியைக் கண்ணால் பார்க்கலாம். 80ஜி என்று பலரும் அறிந்த வரிச் சலுகையும் வாழும்போது கொடுப்பவருக்குத்தான். அதற்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பிரிட்டனில் நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு எழுதினால் வாரிசு வரி 40-லிருந்து 36 விழுக்காடாகக் குறையும். இந்தியாவில் சாவு வரி 1985-இலேயே போய்விட்டது. இங்கே உயில் வழித் தருமத்துக்கு வரி லாபம் எதுவும் கிடையாது. ஆனால் வீட்டையோ நிலத்தையோ உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிக்கொடுத்தால் திரும்பப் பெறுவது கடினம். கடைசிவரை தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆதாரத்திலேயே எழுதியிருந்தால் மட்டும், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கைகொடுக்கும். குடியிருக்கும் வீட்டை உயிலில் எழுதுவதே பாதுகாப்பு.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று ஒஸ்யத்து எழுதத் தயங்குபவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான உயிலின் நகல், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டுமே கிடைக்கும். பதிவுகூட வேண்டாம் என்பவர்கள், உறையில் முத்திரையிட்டு மேலே தம் பெயரை எழுதிப் பாலக்காட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். விரும்பினால் திரும்பவும் பெறலாம். இறந்த பின், விண்ணப்பிப்பவர் முன்னிலையில் பதிவாளர் உறையைத் திறந்து, உள்ளிருப்பதைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்வார். உறை எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநரிடமும், பெறப்போகும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது எழுதுபவரின் வேலை.